வால் உள்ள மவுஸா, வால் இல்லாத மவுஸா? 20 குறிப்புகள்

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் சொல்லவே வேண்டாம். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம் என்பதால், விடியும் முன்பே கோயிலிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் மேளச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அந்தக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை டைப் செய்யும் டிடிபி வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. மேசையில் வயர் சிக்கிக்கொண்டு கிடக்கிறதே என்று ஒருமுறை விலை மலிவான வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் செட் ஒன்றை வாங்கி வந்தேன். அது படுத்திய பாட்டில் கற்றுக்கொண்டவைதான் இந்தக் குறிப்புகள்.

வாங்கும் முன்

1. எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். நாள் முழுக்க டைப் செய்பவர்கள், டி.என்.பி.எஸ்.சி. போன்ற ஆன்லைன் விண்ணப்பங்களை நிரப்புபவர்கள், கணக்கு எழுதுபவர்கள் ஆகியோருக்கு வயர் உள்ளதே நல்லது. ஹாலில் டிவியோடு இணைத்துப் படம் பார்க்க, வகுப்பில் ப்ரொஜெக்டர் போட்டுப் பாடம் நடத்த வயர்லெஸ் வசதி.

2. விலையோடு செல் செலவையும் கூட்டிப் பாருங்கள். கீபோர்டுக்கு ஒன்றோ இரண்டோ, மவுஸுக்கு ஒன்று என்று செல் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வயர் உள்ளதற்கு அந்தச் செலவே கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்தே மின்சாரம் வந்துவிடும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு மாதாமாதம் செல் வாங்குவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

3. யுஎஸ்பி துளைகளை எண்ணிப் பாருங்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்புகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. நாலு கீ வேலை செய்யாமல் போனதும், வெளியே ஒரு கீபோர்டை மாட்டி ஓட்டுகிறார்கள். வயர் கீபோர்டும் வயர் மவுஸும் இரண்டு துளைகளைப் பிடித்துக்கொண்டால் பென் டிரைவ் செருக இடம் இருக்காது. வயர்லெஸ் செட்டுக்கு, சிக்னலை வாங்க யுஎஸ்பி துளையில் செருகும் குட்டித் துண்டான டாங்கிள் ஒன்று, துளை ஒன்று போதும். வயர்லெஸ் பக்கம் இருக்கும் நியாயமான வசதி இது.

4. கடையிலேயே டைப் செய்து பார்த்து வாங்குங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையோ, பக்கத்துத் தெருக் கடையோ, டெமோ கேட்பதில் கூச்சம் வேண்டாம். நோட்பேடைத் திறந்து, ஒரே சொல்லை இருபது தடவை வேகமாக அடியுங்கள். எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதா, ஏதாவது எழுத்து விழாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பத்து நிமிடம் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு சொல்லை அடியுங்கள். செல்லை மிச்சம் பிடிக்கத் தூங்கப் போகும் கீபோர்டு விழித்துக்கொள்வதற்குள் முதல் எழுத்தை முழுங்கிவிட்டால், அந்த மாடல் வேண்டாம்.

5. கேப்ஸ் லாக் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் பலவற்றில் அந்தக் குட்டி விளக்கே இருக்காது. அதுவும் செல்லை மிச்சம் பிடிக்கத்தான். கேப்ஸ் லாக் போட்டிருப்பது தெரியாமல் வங்கி பாஸ்வேர்டைத் தொடர்ந்து தப்பாக அடித்து, கணக்கு லாக் ஆன பிறகுதான் அந்த விளக்கின் அருமை தெரியும்.

6. டாங்கிள் தொலைந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லாஜிடெக் 2009-இல் யூனிஃபையிங் என்ற முறையையும், 2021-இல் போல்ட் என்ற முறையையும் கொண்டுவந்தது. இவற்றில் ஒரே டாங்கிளில் ஆறு கருவிகள் வரை இணைக்கலாம். தொலைந்தாலும் வேறு டாங்கிள் வாங்கி இணைத்துக்கொள்ளலாம். மலிவான செட்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. சுண்டு விரல் நகம் அளவு டாங்கிள் தொலைந்தால் கீபோர்டும் மவுஸும் சேர்ந்தே குப்பைக்குப் போகும்.

7. டாங்கிளே வேண்டாம் என்றால் புளூடூத் மாடல் பாருங்கள். மொபைலுக்கும் டிவிக்கும் அது ஒத்துப்போகும். ஆனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பயாஸ் திரையில் புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யாது. விண்டோஸ் போடும் நாளுக்காகவாவது ஒரு வயர் கீபோர்டு வீட்டில் இருக்கட்டும்.

வாங்கிய பின்

8. எழுத்து விட்டுப்போவதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 முறையில்தான் நான் அடிக்கிறேன். அதில் 'முத்து' என்று அடிக்க ம, உ, த, த, உ என ஐந்து தட்டு. நடுவே வரும் முதல் 'உ' மட்டும் காற்றில் போய்விட்டால் திரையில் விழுவது 'மத்து'. அதுவும் சரியான சொல் என்பதால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாது; அவசரத்தில் கண்ணிலும் படாது. ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு அடித்த பத்திரிகையில் முத்துக்குமார், மத்துக்குமார் ஆகிவிட்டார். புரூஃப் பார்க்க வந்த தாய்மாமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னப்பா, மாப்பிள்ளை மோரு கடையப் போறாரா?" என்று கேட்டார். நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை. அதனால் வயர்லெஸ்ஸில் அடித்த எதையும், முக்கியமாகப் பெயர், தேதி, தொகை ஆகியவற்றை, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

9. டாங்கிளை நீல நிற யுஎஸ்பி துளையில் செருகாதீர்கள். என் மத்துக்குமாருக்குக் காரணம் இதுதான். இந்த டாங்கிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. நீலத் துளை என்பது யுஎஸ்பி 3.0. அதில் ஹார்ட் டிஸ்க் போன்றவை வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல் அதே அலைவரிசையில் போய் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டு இதை விளக்கியிருக்கிறது. என் டாங்கிள் செருகியிருந்தது ஒரு நீலத் துளையில். பக்கத்து நீலத் துளையில் பேக்கப் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். கறுப்புத் துளை இல்லையென்றால் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, டாங்கிளை மேசை மேல் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். வயர்லெஸ்ஸுக்கு வயரா என்று சிரிப்பு வரும். ஆனால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

10. சிபியுவின் பின்பக்கத் துளையும் வேண்டாம். கால்மாட்டில் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் டாங்கிளைச் செருகினால், அந்த இரும்பே சிக்னலை மறைக்கும். முன்பக்கத் துளையே நல்லது. வைஃபை ரவுட்டரையும் மேசையிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் கம்ப்யூட்டரை அதில் இணையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் இயங்குகிறது. சமையலறையில் சாதம் சூடாகும் நேரத்தில் மவுஸ் திக்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

11. கண்ணாடி மேசையில் மவுஸ் ஓடாது. மவுஸின் அடியில் இருக்கும் சென்சார், தரையின் சொரசொரப்பைப் படமெடுத்துப் படமெடுத்துத்தான் நகர்வைக் கணிக்கிறது. வழவழப்பான கண்ணாடியில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. மவுஸ் பேட் இல்லையா? தேதி தீர்ந்த சிவகாசி காலண்டரின் பின் அட்டை போதும். மினுமினுக்கும் சாமி படம் கீழே, மங்கலான பக்கம் மேலே இருக்கட்டும்.

12. அம்பு தானாகத் துள்ளினால் மவுஸைத் திருப்பிப் பாருங்கள். சென்சார் குழியில் ஒரு முடியோ பஞ்சோ சிக்கியிருக்கும். காது குடையும் பட்ஸால் துடைத்தால் சரியாகிவிடும்.

13. இரண்டு மூன்று செட் இருந்தால் அடையாளம் வையுங்கள். டாங்கிள்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நெயில் பாலிஷால் டாங்கிளில் ஒரு புள்ளி, அதே நிறத்தில் கீபோர்டின் அடியில் ஒரு புள்ளி. பயன்படுத்தாத நாட்களில் டாங்கிளைச் சட்டைப் பையில் போடாதீர்கள். மவுஸில் செல் போடும் இடத்திலேயே அதற்கென்று ஒரு குழி இருக்கிறதா பாருங்கள்.

14. பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் எண் போன்றவற்றை வயர் கீபோர்டில் அடியுங்கள். 2016-இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், எட்டு நிறுவனங்களின் விலை மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் நாம் தட்டும் எழுத்துகளைப் பூட்டுப் போடாமல் அப்படியே காற்றில் அனுப்புவதைக் கண்டுபிடித்துச் சொன்னது. பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்துகூட ஒருவர் அதைப் படித்துவிட முடியும். பெட்டியின் மேல் ஏஇஎஸ் என்க்ரிப்ஷன் என்று போட்டிருந்தால் சற்று நிம்மதி.

செல் விஷயத்தில்

15. புதுச் செல்லும் பழைய செல்லும் ஜோடி சேர வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல்லைவிட அல்கலைன் செல் நீண்ட நாள் வரும். ரீசார்ஜபிள் செல் போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண செல் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் 1.2 வோல்ட். அதனால் சில மாடல்கள் சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும்.

16. ஊருக்குப் போகும்போது செல்லைக் கழற்றி வையுங்கள். கோடை விடுமுறை முடிந்து திரும்பி வந்து பார்த்தால் செல் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அல்கலைன் செல்லில் இருந்து கசிவது காரம். கையுறை போட்டுக்கொண்டு, பட்ஸில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டுப் புதுச் செல் போடுங்கள். தினமும் வேலை முடிந்ததும் மவுஸின் அடியில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் செல் கூடுதல் நாள் உழைக்கும்.

வயர் வைத்திருப்பவர்களுக்கு

17. வயர் முதலில் அறுவது மவுஸின் கழுத்தில்தான். வேலை முடிந்ததும் வயரை மவுஸைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கத்தை விடுங்கள். மவுஸ் ஓட ஒரு முழம் தளர்வாக விட்டு, மீதியை மேசை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் இழுபடாது. வயர் அறுந்தால் சால்டரிங் தெரிந்த கடையில் ஒட்டிக்கொள்ளலாம். வயர்லெஸ்ஸில் உள்ளே சிக்னல் சிப் போனால் அந்த வழி இல்லை.

18. நிஜ எலி இந்த எலியின் வாலைக் கடிக்கும். பழைய வீடுகளில், குறிப்பாக அரிசி மூட்டை வைத்திருக்கும் அறையில், இது வழக்கம். சுவரோரம் போகும் வயரை எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிவிசி கேசிங்குக்குள் விட்டுவிடுங்கள்.

19. பழைய உருண்டை பின் கீபோர்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் சிபியுவின் பின்னால் வயலட், பச்சை நிறத்தில் வட்டத் துளைகள் இருந்தால், வயலட் கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. யுஎஸ்பி துளையும் மிச்சம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டுக்கும் பொது

20. டீ கொட்டினால் யோசிக்க நேரமில்லை. வயர் என்றால் பிடுங்குங்கள், வயர்லெஸ் என்றால் செல்லைக் கழற்றுங்கள். உடனே கவிழ்த்து மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்க வையுங்கள். மதுரை வெயில் உறைக்கிறதே என்று மொட்டை மாடியில் காய வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். அப்படியும் பிழைக்காமல் போனால், செல்லையும் கீபோர்டையும் மாநகராட்சி வண்டியில் மட்கும் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.

டக்ளஸ் எங்கல்பர்ட் குழு 1960-களில் செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டைதான். அதன் பின்னால் வால்போல வயர் நீண்டதால்தான் அதற்கு எலி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். என் மேசையில் இப்போது வால் உள்ளதுதான் இருக்கிறது. அந்த வயர்லெஸ் செட்டை ஹாலில் டிவிக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே ஓர் எழுத்து விழாவிட்டால் யார் கல்யாணமும் நிற்காது. நீங்களும் சோறு போடும் வேலைக்கு வயர், பொழுதுபோக்குக்கு வயர்லெஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.