கறி குறைந்தால் கால் சோருமா?

மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். எடை 60 கிலோ. கறியை வாரம் ஒருநாளாகக் குறைத்தால் தெம்பு போய்விடுமா?
– வாசகர், கோவை

போகாது, தைரியமாகக் குறையுங்கள். அமெரிக்காவின் 100 மைல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தை 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து வென்ற ஸ்காட் ஜூரெக், தாவர உணவுக்காரர். உங்கள் எடைக்கு நாளுக்குச் சுமார் 80 கிராம் புரதம் போதும். 50 கிராம் மீல்மேக்கரிலேயே 25 கிராம் கிடைத்துவிடும். மீதிக்கு முட்டை, சுண்டல், பருப்பு, தயிர் இருக்கின்றன. சோற்றில் மட்டும் கை வைக்காதீர்கள், நெடுந்தூரம் ஓடவைப்பது அதுதான்.

என் கவலையெல்லாம் இரும்புச்சத்து பற்றித்தான். அது உடலில் நன்றாகச் சேர, சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள். அதைத் தடுக்கும் டீ, சாப்பிட்ட கையோடு வேண்டவே வேண்டாம்; ஒரு மணி நேரமாவது போகட்டும். பி12-ஐ பாலும் முட்டையும் அந்த ஒருநாள் கறியும் பார்த்துக்கொள்ளும்.