செய்தி நின்று போனால்

எங்கள் வகுப்பு ராத்திரி 8 மணிக்குத் தொடங்கும். பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஒரு தெரு. அங்கே கோயில் திண்ணைதான் எங்கள் பள்ளிக்கூடம். வீட்டு வேலை, கட்டட வேலை, தள்ளுவண்டி வியாபாரம் எல்லாம் முடித்துவிட்டு வருவார்கள்.

ஒரு நாள் வடைக்கடை அக்கா பழைய பேப்பர் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வடை மடித்துக் கொடுக்க எடைக்கு வாங்கிய பேப்பர். அதில் பெரிய எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“பத்...தி...ரி...கை...யா...ளர்... கொலை... வழக்கு.”

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“ஏன் டீச்சர், பேப்பர்ல எழுதினதுக்கா ஒருத்தரைக் கொல்லுவாங்க?”

மூலையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி தாத்தா பதில் சொன்னார். “அதெல்லாம் பெரிய இடத்துச் சண்டை கண்ணு. நமக்கென்ன? நாளைக்கு வேலைக்குப் போனாத்தான் சோறு.”

அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறேன்.

கௌரியின் கதை

அக்கா படித்த செய்தி நம் ஊரில் நடந்த கொலையைப் பற்றியது. கொல்லப்பட்டவர் பெயர் கௌரி லங்கேஷ்.

கௌரியின் அப்பா பி. லங்கேஷ் பெரிய கன்னட எழுத்தாளர். 1980-ல் அவர் ‘லங்கேஷ் பத்ரிகே’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகையில் ஒரு விசேஷம் உண்டு. அதில் விளம்பரமே கிடையாது.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். சோப்பு, நகைக்கடை, அரசாங்கத் திட்டம் என்று பேப்பரில் பக்கம் பக்கமாக விளம்பரம் பார்க்கிறோம். நாம் கொடுக்கும் காசு பேப்பர் அச்சடிக்கும் செலவுக்குக்கூடப் பல நேரம் போதாது. மிச்சத்தை விளம்பரம் கொடுக்கிறவர்கள் தருகிறார்கள். பணம் தருகிறவரைப் பற்றித் தப்பாக எழுதப் பேப்பர்காரர் யோசிப்பார் அல்லவா? லங்கேஷ் அந்தப் பணமே வேண்டாம் என்றார். படிக்கிறவர்கள் கொடுத்த காசிலேயே பத்திரிகை ஓடியது. பெரிய ஆட்களைப் பற்றியெல்லாம் பயமில்லாமல் எழுதியது.

2000-ல் லங்கேஷ் இறந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளில் வேலை பார்த்துவந்த கௌரி, அப்பாவின் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். 2005-ல் ‘கௌரி லங்கேஷ் பத்ரிகே’ என்று தனியாகத் தொடங்கினார். அதிலும் விளம்பரம் கிடையாது. சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதினார். மதத்தின் பெயரால் வெறுப்பை வளர்க்கிறவர்களை எதிர்த்து எழுதினார். கூட்டங்களிலும் பேசினார். அவருடைய பேச்சு பலருக்குப் பிடித்தது. பலருக்குக் கோபத்தையும் உண்டாக்கியது.

2017 செப்டம்பர் 5. இரவு சுமார் 8 மணி. நம் வகுப்பு தொடங்கும் நேரம்தான். கௌரி வேலை முடித்து, ராஜராஜேஸ்வரி நகரில் உள்ள தன் வீட்டுக்குக் காரில் வந்தார். வாசலில் வைத்து அவரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். பைக்கில் வந்தவர்கள் சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கௌரிக்கு அப்போது வயது 55.

மறுநாள் சாமராஜப்பேட்டையில் அவரை அடக்கம் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து சென்ட்ரல் காலேஜ் மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். ‘நானும் கௌரி’ என்று எழுதிய அட்டைகளைப் பிடித்திருந்தார்கள்.

தனிப் போலீஸ் படை விசாரித்தது. 18 பேர்மேல் குற்றம் சாட்டியது. கௌரி தங்கள் மதத்துக்கு எதிரானவர் என்று நினைத்த ஒரு குழு, பல மாதம் திட்டம் போட்டு இதைச் செய்தது என்பது போலீசின் குற்றச்சாட்டு. கோர்ட்டில் விசாரணை தொடங்கியது 2022-ல். ஐந்து வருஷம் கழித்து!

கௌரி கடைசியாக எழுதிய தலையங்கம் எதைப் பற்றித் தெரியுமா? தலையங்கம் என்றால் ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லும் பகுதி. அதில் அவர் பொய்ச் செய்திகளைப் பற்றி எழுதியிருந்தார். அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால், கர்நாடக அரசு என்னென்னவோ தடை போட்டுவிட்டது என்று செல்போனில் ஒரு வதந்தி பரவியது. அது பொய் என்று எடுத்துக் காட்டி எழுதினார். அந்தத் தலையங்கம் வந்த இதழ் கடைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பேப்பர்காரர்கள் தப்பே செய்ய மாட்டார்களா? செய்வார்கள். 2008-ல் எழுதிய ஒரு கட்டுரைக்காகக் கௌரிமேலேயே அவதூறு வழக்கு நடந்தது. 2016-ல் ஹூப்ளி கோர்ட் அவருக்கு 6 மாத சிறைத் தண்டனை கொடுத்தது. அவர் ஜாமீன் வாங்கினார். மேல் கோர்ட்டுக்குப் போகும் வழியும் இருந்தது. எழுதியது தப்பு என்றால் மறுப்பு எழுதலாம், கோர்ட்டுக்குப் போகலாம். அதற்குத்தானே கோர்ட் இருக்கிறது? துப்பாக்கி எதற்கு?

சரி, நமக்கென்ன?

இப்போது மேஸ்திரி தாத்தா கேட்ட கேள்விக்கு வருவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து தண்ணீர் வந்தது. குழந்தைகளுக்கு வாந்தி, பேதி. மூன்று தடவை போய் மனு கொடுத்தோம். “ஆகட்டும், பார்க்கலாம்” என்றார்கள். ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். கறுப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலோடு ஒரு படம் எடுத்தார். உள்பக்கத்தில், உள்ளங்கை அளவில் அது வந்தது. இரண்டாம் நாள் தெருவைத் தோண்டிக் குழாயை மாற்றினார்கள்.

அந்தப் படத்தில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? இதே மேஸ்திரி தாத்தாதான்!

நம் தெருவுக்கு ஒரு குழாய். ஒரு நாட்டுக்கு?

வங்காளத்தில் பட்டினி

1943-ல் நாம் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தோம். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்துவிட்டது. பர்மா என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே பிழைக்கப் போன தமிழர்கள் பலர் அப்போது காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள்.

பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு அரிசி வரும். அது நின்றது. ஜப்பான்காரர்கள் வங்காளத்துக்கும் வந்தால் பயன்படுத்திவிடுவார்கள் என்று சொல்லி, கடலோர ஊர்களில் அரசாங்கமே படகுகளைப் பறித்தது. மீன் பிடிக்கிறவர்களுக்கும், படகில் நெல் ஏற்றுகிறவர்களுக்கும் பிழைப்பு போயிற்று. 1942 அக்டோபரில் புயலும் அடித்தது. அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. கூலிக்காரர்களால் வாங்க முடியவில்லை. கிராமத்து ஏழைகள் கல்கத்தாவுக்கு நடந்து வந்து, தெருவில் விழுந்து செத்தார்கள்.

பஞ்சம் என்று அரசாங்கம் அறிவிக்கவே இல்லை. பத்திரிகைகளுக்குப் போர்க்காலத் தணிக்கை இருந்தது. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அதிகாரி முடிவு செய்வதுதான் தணிக்கை.

கல்கத்தாவில் ‘ஸ்டேட்ஸ்மன்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ். அவரும் வெள்ளைக்காரர்தான். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். 1943 ஆகஸ்ட் 22-ம் தேதி, தெருவில் பட்டினி கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டார். எலும்பும் தோலுமாகத் தாயும் பிள்ளையும். அதற்குப் பிறகுதான் டெல்லியும் லண்டனும் உலகமும் பார்த்தன. இனி மறைக்க முடியவில்லை. உதவியும் நகர ஆரம்பித்தது. ஆனால் அதற்குள் ஏராளமான பேர் செத்துவிட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று பலர் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்தப் படங்கள் ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால்? எனக்கு இந்தக் கேள்வி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அந்தப் பட்டினியை நேரில் பார்த்த ஒரு சிறுவன் இருந்தான். பெயர் அமர்த்தியா சென். பிற்காலத்தில் பெரிய பொருளாதார அறிஞர் ஆனார். 1998-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் சொல்வது இது: மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்ற முடிகிற நாட்டில், பத்திரிகை சுதந்திரமாக இருக்கிற நாட்டில், பெரிய பஞ்சம் வந்ததில்லை. ஏன்? முதல் ஊரில் பட்டினி தொடங்கும்போதே செய்தி வந்துவிடும். ஆட்சியில் இருப்பவர் ஓட்டுக்குப் பயந்து அரிசி அனுப்புவார்.

சீனாவை அவர் எடுத்துக்காட்டுவார். அங்கே 1958 முதல் 1961 வரை கொடிய பஞ்சம். கோடிக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஆனால் அங்கே பத்திரிகைகளில் வந்தது என்ன? அமோக விளைச்சல் என்ற செய்தி! பட்டினி கிடந்தவனைத் தவிர யாருக்கும் பட்டினி தெரியவில்லை.

வந்த செய்தியைப் படிக்காவிட்டால்

செய்தி வந்தும் கெட்டுப்போன கதை ஒன்றும் உண்டு. போபால் நகரத்தில் யூனியன் கார்பைடு என்ற பூச்சிமருந்துத் தொழிற்சாலை. அங்கே பாதுகாப்பு சரியில்லை, ஊருக்கே ஆபத்து என்று ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982-லேயே எழுதினார். திரும்பத் திரும்ப எழுதினார். அவருடையது சின்னப் பத்திரிகை. யார் காதிலும் விழவில்லை. 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு விஷவாயு கசிந்தது. தூக்கத்திலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். தொழிற்சாலையை ஒட்டிக் குடிசை போட்டிருந்த நம்மைப் போன்றவர்கள்தான் முதலில் செத்தார்கள்.

கொரோனாவை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2019 டிசம்பர் கடைசியில், சீனாவின் வூகான் நகரத்தில் லீ வென்லியாங் என்ற கண் டாக்டர், புதுவிதக் காய்ச்சல் வருகிறது, ஜாக்கிரதை என்று கூடப் படித்த டாக்டர்களுக்குச் செல்போனில் தகவல் அனுப்பினார். வதந்தி பரப்புகிறாய் என்று போலீஸ் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தது. கையெழுத்து வாங்கியது. 2020 பிப்ரவரியில் அதே நோயில் அவர் இறந்தார். வயது 33. எங்கேயோ வூகானில் ஒருவர் வாயை மூடினார்கள். மார்ச் மாதம் நம் தெருவில் வேலை நின்றது. மேஸ்திரி தாத்தாவின் ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்பினார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டம் 19-வது பிரிவு, ஒவ்வொரு குடிமகனுக்கும் கருத்துச் சொல்ல உரிமை கொடுக்கிறது. ‘பத்திரிகை’ என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. 1950-ல் சென்னை அரசாங்கம் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பம்பாய் வாரப் பத்திரிகையைத் தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கருத்தைப் பரப்புவதும் இந்த உரிமையில் சேர்ந்ததுதான் என்று கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தடை போயிற்று. இந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. அவதூறு செய்யக்கூடாது. கலவரத்தைத் தூண்டக்கூடாது.

1987-ல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் ஒரு ஜோக் வந்தது. எம்.எல்.ஏ.யையும் மந்திரியையும் கேலி செய்த ஜோக். தமிழ்நாடு சட்டசபைக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 3 மாத சிறை என்று தீர்மானம் போட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு ஜோக்குக்கு ஜெயில்!

மறுபடியும் திண்ணையில்

இதையெல்லாம் நான் நாலு ராத்திரி வகுப்பில் சொன்னேன். அக்கா கேட்டார், “அப்போ பேப்பர்ல வர்றதெல்லாம் நிஜம்னு நம்பலாமா டீச்சர்?” நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். யார் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆளையும் கேட்டு எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் இன்னொரு பேப்பரிலும் பார்க்க வேண்டும். செல்போனில் வருவதற்கு இதெல்லாம் இரண்டு பங்கு தேவை.

ஐந்தாம் நாள் மேஸ்திரி தாத்தா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்துக் கிழிந்திருந்தது. குழாய்த் தண்ணீர்ச் செய்தி! டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். அன்று அவருக்கு எழுத்துத் தெரியாது. படத்தை மட்டும் பார்த்தார். இப்போது படத்துக்குக் கீழே இருந்த இரண்டு வரியை விரல் வைத்து மெதுவாகப் படித்தார். முகம் மாறியது.

“என்னம்மா இது! என் பேரைத் தப்பாப் போட்டிருக்கான்!”

திண்ணையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு போஸ்ட் கார்டு கேட்டார். “மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு” என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ‘மதிப்புக்குரிய’ என்பதில் ‘க்’ விட்டுப்போயிற்று. நான் திருத்தவில்லை.

பேசிப் பாருங்கள்

கௌரியின் பத்திரிகை ஏன் விளம்பரம் வாங்கவில்லை?

பர்மாவில் நடந்த போருக்கும் வங்காளத்தில் வந்த பட்டினிக்கும் என்ன தொடர்பு?

போபாலில் செய்தி வந்தது. ஆனாலும் மக்கள் செத்தார்கள். ஏன்? உங்கள் கருத்து என்ன?

எழுதிப் பாருங்கள்

உங்கள் தெருவில் உள்ள ஒரு குறையைப் பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்கு 5 வரியில் கடிதம் எழுதுங்கள். இடம், தேதி, எத்தனை நாளாக இந்தக் குறை இருக்கிறது என்பதைக் குறிப்பிடுங்கள். நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைச் சரியாக எழுதுங்கள்.