எழுத்துக்கும் முகமுண்டு

சொல்லின் பொருளை அகராதி தருகிறது. அச்சொல் எந்த முகத்தோடு நம்மிடம் வருகிறது என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. புளியந்தீவுக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். நகைக்கடைப் பலகையிலுள்ள எழுத்தும் ஐஸ்கிரீம் கடைப் பலகையிலுள்ள எழுத்தும் ஒரே தமிழ்தான்; முகம் வேறு. மொழுமொழுவென்று சிரிக்கும் அந்த இரண்டாம் வகை எழுத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆங்கில எழுத்துக்கள் சிலவற்றின் நுனிகளில் சிறு முனைக்கோடுகள் இருக்கும். அவற்றை 'செரிஃப்' என்பர். அவை இல்லாதது 'சான்ஸ் செரிஃப்'. அதன் நுனிகளையும் மழுக்கினால் வட்டமுனை எழுத்துரு கிடைக்கிறது. 1979 இல் வோக்ஸ்வாகன் கார் நிறுவனத்துக்காக உருவான 'வி.ஏ.ஜி. ரவுண்டட்' இவ்வகையில் பெயர்பெற்றது. பின்னர் அப்பிள் கணினிகளின் விசைப்பலகைகளிலும் பல ஆண்டுகள் இடம்பெற்றது.

தமிழுக்கு வளைவு புதிதல்ல. ஓலையில் நேர்கோடு இழுத்தால் நார்வழியே கிழியும் என்பதால் நம் எழுத்துக்கள் வளைந்தன என்பர். அந்த வளைவுக்குப் பொருத்தமாக வந்த ஒன்று, மும்பையைச் சேர்ந்த 'ஏக் டைப்' குழுவினரின் 'பாலூ தம்பி'. பாலூ என்பது கிப்ளிங்கின் காட்டுக்கதையில் வரும் கரடியின் பெயர். இக்குடும்பத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சகோதரன் உண்டு: தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், கன்னடத்துக்குத் தம்மா, உருதுவுக்குப் பாயிஜான். இதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இதன் 'பாலூ தம்பி 2' மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஐந்து தடிப்புகளில் கிடைக்கிறது.

ஐந்து எதற்கு? வீட்டில் ஒரு சிறு பரிசோதனை செய்தேன். 'மண்ணெண்ணெய்' என்ற சொல்லை மிகத் தடித்த வடிவிலும் மெலிந்த வடிவிலும், பெரிதாகவும் சிறிதாகவும் அச்சிட்டேன். தரம் ஒன்றில் படிக்கும் என் தம்பி, பெரிய தடித்த எழுத்தையே விரும்பி எடுத்தான். உம்மம்மாவோ சிறிய தடித்த எழுத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "மை ஊறிக் கிடக்கு மகள்" என்றார். அதே அளவில் மெலிந்ததைத் தயங்காமல் வாசித்தார்.

காரணம் எளிது. கோடு தடிக்கும்போது சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் குறைகிறது. நமக்கு இரண்டுசுழி 'ன'வும் உண்டு, மூன்றுசுழி 'ண'வும் உண்டு. சுழி அடைபட்டால் மணம் மனமாகிவிடும். புள்ளி மேலே ஒட்டிக்கொண்டால் மெய் எது, உயிர்மெய் எது எனத் தெரியாது. கவிதைத் தலைப்பில் இது சிறு குறைதான். குசினியில் இருக்கும் மண்ணெண்ணெய்ப் போத்தலிலோ, மருந்துப் பெட்டியிலோ அப்படியல்ல.

எனவே தடித்த வட்ட எழுத்தைத் தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் சிறுவர் நூலுக்கும் பெரிதாகப் பயன்படுத்துவோம். நீண்ட பத்திக்கும் அறிவித்தலுக்கும் மெலிந்ததைத் தெரிவு செய்வோம். அச்சிடுமுன் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுப்போம். எழுத்து அழகாக இருப்பது நல்லது. அவருக்கு விளங்குவது அதைவிட நல்லது.

சகோதரிகளே, எழுத்துருக்களை வடிவமைப்பவர்கள் எங்கோ தொலைவில் மட்டும் இல்லை. 'கவிவனார்', 'பவனம்' ஆகிய தமிழ் எழுத்துருக்களைத் தந்த தாரிக் அஸீஸ் நம் நாட்டவரே. பெருநாள் இரவில் கோடு பிசகாமல் மருதாணி வரையும் கைகள் நம்மிடமும் உண்டு. அவை ஒருநாள் 'அ' வரையட்டும்.