கால் புண்ணுக்கு ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?

ஆலங்குடா மணலில் செருப்பில்லாமல் நடந்து பழகிய கால்கள் நம்முடையவை. நண்பகலில் மணல் சுடும், மட்டைச் சிராம்பு குத்தும், நெருஞ்சி முள் ஏறும். சீனி வியாதி பல வருடம் இருந்தவருக்கு இதெல்லாம் தெரியாமலே போய்விடும். கால் நரம்பு மரத்திருக்கும். அதனால்தான் கிளினிக்கில், “நோவே இல்லியே, இதுக்குப் போய் எதுக்கு ரெத்தம் எடுக்கணும்?” என்று கேட்கிறார்கள். நோவு சொல்ல வேண்டியதை இரத்தமாவது சொல்கிறதா என்று பார்க்கத்தான்.

கிருமி புகுந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். இதற்கு அழற்சி என்று பெயர். அப்போது ஈரல் ஒருவகைப் புரதத்தை இரத்தத்தில் கூடுதலாக விடுகிறது. 1930இல் நியூயோர்க்கில் டிலெற், பிரான்ஸிஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நிமோனியா நோயாளரிடம் இதைக் கண்டார்கள். றிப்போட்டில் சி.ஆர்.பி. என்று இருப்பது இதுதான். சில மணித்தியாலங்களிலேயே ஏறும். கிருமி அடங்கினால் சில நாளில் இறங்கும். மருந்து பிடிக்கிறதா என்று பார்க்க இது உதவும்.

மற்றது ஈ.எஸ்.ஆர். குழாயில் நிறுத்திய இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்குகின்றன என்ற அளவு. அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். கால் புண் உள்ளவருக்கு இது 70ஐத் தாண்டினால், கிருமி எலும்புவரை போய்விட்டதோ என்று வைத்தியர் சந்தேகிப்பார். எக்ஸ்ரே எடுப்பார், மொட்டைக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டு எலும்பு தட்டுப்படுகிறதா என்றும் பார்ப்பார்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. புண்ணே இல்லாவிட்டாலும் சீனி வியாதி சி.ஆர்.பி.யைச் சற்று உயர்த்தும், வயிறு பெருத்தவருக்கு இன்னும் கூடும். பல் வேரில் சீழ் இருந்தாலும் கூடும். இரத்தசோகை ஈ.எஸ்.ஆரைக் கூட்டும். இவற்றைவிட ஆபத்து மறுபக்கத்தில்: சீனி வியாதியோடு காலில் கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு வெள்ளை அணுக்கள் கூடுவதில்லை. பலருக்குக் காய்ச்சலும் வராது. “றிப்போட் நல்லம்தானே” என்று புண்ணைக் கட்டிக்கொண்டு தேங்காய் உரிக்கப் போனால், விரலில் தொடங்கியது பாதத்துக்கு ஏறிவிடும். 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டலும் புண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாதபோதே இந்த எண்களைத் துணைக்கு எடுக்கச் சொல்கிறது.

ஆகவே சிவப்பு பரவினால், சீழோ கெட்ட மணமோ இருந்தால், தோல் கறுத்தால், றிப்போட் எப்படி இருந்தாலும் அன்றைக்கே கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ வைத்தியசாலைக்குப் போங்கள். பழைய றிப்போட்களைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து எடுத்துப் போங்கள். போன கிழமை எண்ணோடு ஒப்பிட்டால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வைத்தியருக்குத் தெரியும்.