வணிகப் பாடம்: பவளத் துண்டின் அடக்கவிலை

பவளம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம்தான். மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்டு, இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் உள்ள டோரே டெல் கிரேக்கோ என்னும் ஊரில் கடைந்து மெருகேற்றப்படும் அந்தச் சரக்கு வேறு. இம்மாதம் நாம் பாடமாக எடுத்துக்கொள்வது உயிருள்ள பவளம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, மீனோடு பவளத்தையும் வளர்க்கிறார்கள். அதற்கென்றே கடைகள், மொத்த வியாபாரிகள், இறக்குமதியாளர்கள் இருக்கிறார்கள்.

மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன பாடம் என்று கேட்கலாம். தக்காளி, கறிவேப்பிலை, வெற்றிலை விற்கும் நமக்கு அழுகல் கணக்கு புதிதல்ல. ஆனால் அந்தக் கணக்கைச் சரியாகப் போடாமல் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மில் அநேகர். பவள வியாபாரத்தில் இந்தத் தவறு பெரிய எழுத்தில் தெரிகிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

வாங்குபவரின் செலவு

பவளம் செடி அல்ல, கல்லும் அல்ல. சிறு உயிர்கள் பல கூடி வாழும் கூட்டம். அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி இருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. எனவே பவளம் வாங்கியவர் வெளிச்சத்தையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். 150 வாட் விளக்கை நாளுக்கு 10 மணி நேரம் எரித்தால் மாதம் 45 யூனிட் மின்சாரம் அதற்கு மட்டுமே ஆகிவிடும். நீர் 24 முதல் 27 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். நீரை ஓட்டத்தில் வைக்க மோட்டார் வேண்டும்.

அடுத்தது உப்பு. நாம் விற்கும் சமையல் உப்பு இதற்கு உதவாது. கால்சியம், மக்னீசியம் முதலானவை கடலில் உள்ள அளவிலேயே கலந்த தனி உப்பு வேண்டும். ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 200 லிட்டர் தொட்டியில் வாரம் 20 லிட்டர் நீர் மாற்றினால் வாரத்துக்கு 700 கிராம், வருடத்துக்கு 36 கிலோவுக்கு மேல் உப்பு செலவாகும்.

ஆக, 30 டாலர் கொடுத்துப் பவளத் துண்டு வாங்குபவர் உண்மையில் வாங்குவது நீண்ட நாள் செலவு ஒன்றை. இதை முதலிலேயே சொல்லி விற்கும் கடைக்காரருக்கு அன்று ஒரு விற்பனை குறையலாம். சொல்லாமல் விற்றால், பவளம் செத்ததும் வாடிக்கையாளர் கடையை மாற்றுவார், அல்லது அந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவார்.

விற்பவரின் அடக்கவிலை

இனி நம் பாடத்தின் மையத்துக்கு வருவோம். கீழே உள்ளது விளக்கத்துக்காக நாம் போட்ட மாதிரிக் கணக்கு.

ஒரு கடைக்காரர் துண்டு 12 டாலர் வீதம் 100 துண்டு வாங்குகிறார். கொள்முதல் 1,200 டாலர். பவளம் நீரோடு பையில் அடைத்து விமானத்தில் வருவதால், நீரின் எடைக்கும் கூலி கொடுக்க வேண்டும். விமானக் கூலி, பெட்டி, விமான நிலையச் செலவு எல்லாம் சேர்த்து 500 டாலர். ஆக 1,700.

வழியிலும் முதல் வாரத்திலும் 15 துண்டுகள் செத்துவிடுகின்றன. மிஞ்சியது 85. 1,700 டாலரை 85 ஆல் வகுத்தால் துண்டுக்கு 20 டாலர். விற்கும் வரை தொட்டியில் வைத்துப் பராமரிக்க, மின்சாரம், உப்பு, ஆள் கூலி என்று 425 டாலர். துண்டுக்கு இன்னும் 5 டாலர் ஏறுகிறது. அடக்கவிலை 25 டாலர்.

கொள்முதல் விலை 12 என்று மட்டும் பார்த்தவர், அதன்மேல் பாதி லாபம் வைத்து 18க்கு விற்பார். நூறு துண்டுக்கு 600 டாலர் லாபம் என்று மனக்கணக்குப் போடுவார். உண்மையில் 85 துண்டு விற்று அவர் கைக்கு வருவது 1,530. போட்ட முதல் 2,125. நஷ்டம் 595. கல்லாவில் தினம் பணம் விழுந்துகொண்டே இருப்பதால், நஷ்டம் வருவதே அவருக்குத் தெரியாது. அடுத்த சரக்குக்குப் பணம் கட்டும் நாளில்தான் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது: செலவை வாங்கிய எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது, விற்கக்கூடிய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தக்காளிக் கூடைக்கும் இதே விதிதான்.

பெயருக்கு ஒரு விலை

சாதாரண மென்பவளத் துண்டு அங்கே சில பத்து டாலருக்குக் கிடைக்கும். அபூர்வ நிறம் கொண்ட துண்டுக்குக் கவர்ச்சியான பெயர் சூட்டிவிட்டால், விரல்நுனி அளவுக்கே பல நூறு டாலர் சொல்வார்கள். ஆனால் பவளத்தை வெட்டி ஒட்டினால் துண்டு தனியே வளரும். மான்கொம்புப் பவள வகைகள் நல்ல நிலையில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியவை. வாங்கியவர்களே வெட்டி விற்கத் தொடங்கினால் அபூர்வம் போய்விடும், விலையும் இறங்கும். பருவத்தின் முதல் மாம்பழ விலையை நம்பிக் கிடங்கை நிரப்பியவர் கதைதான் இதுவும். உச்ச விலையில் இருப்பு வைப்பது வியாபாரம் ஆகாது.

வரத்து ஒரே வாசலாக இருந்தால்

உயிருள்ள பவளத்தைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு இந்தோனேசியா. 2018ஆம் ஆண்டு அந்நாடு ஏற்றுமதியை நிறுத்தியது. வளர்ப்புப் பவளங்களுக்கு 2020இல்தான் மீண்டும் வழி திறந்தது. பிலிப்பைன்ஸ் 1977லேயே தடை விதித்துவிட்டது. ஒரே இடத்துச் சரக்கை நம்பிய கடைகளின் தொட்டி இத்தகைய வேளையில் காலியாகும். சொந்தத் தொட்டியில் வளர்த்து வெட்டி விற்பவருக்கு வியாபாரம் நிற்காது.

நம் ஊருக்கு இது ஆகாது

இதைப் படித்துவிட்டு, நாமும் கடையில் நாலு பவளம் வைக்கலாமே என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் இது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு பாறை அமைக்கும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை சேர்க்கப்பட்டன. கடல்குதிரையும் அதே பட்டியலில் உண்டு. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. செத்துக் காய்ந்த வெள்ளைக் கிளையும் இதில் அடங்கும். கடற்கரை ஊர்களில் 'அலமாரியில் அழகுக்கு வையுங்கள், போகிற விலைக்குப் போகட்டும்' என்று எவரேனும் கொண்டுவந்தால், வாசலிலேயே மறுத்து அனுப்பிவிட வேண்டும். பத்து ரூபாய் லாபத்துக்குக் கடையின் பெயரையே பணயம் வைக்க முடியுமா?

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. முன்பு சுண்ணாம்புக்காக அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பவளம் போனால் மீன் குறையும். மீன் குறைந்தால் மீனவர் கையில் பணம் குறையும். அவர் நம் கடையில் வைத்த பாக்கி எப்படி வசூலாகும்? வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் அந்தப் பாறை நமக்கு முதல்தான்.

இம்மாதப் பயிற்சி

நம் கடையில் சீக்கிரம் கெடும் சரக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டில் நான்கு விவரங்களை மட்டும் எழுதுவோம்: வாங்கிய எடை, கொடுத்த மொத்தப் பணம் (வண்டி வாடகை, இறக்குக் கூலி உட்பட), தூக்கி எறிந்த எடை, விற்ற எடை. மாதக் கடைசியில் மொத்தப் பணத்தை விற்ற எடையால் வகுப்போம். வரும் தொகை நாம் விற்கும் விலையைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தச் சரக்கை விற்று நாம் இதுவரை ஊருக்குத் தர்மம் செய்து வந்திருக்கிறோம் என்று பொருள். விலையை மாற்றுவதா, குறைவாக வாங்குவதா, அடியோடு விடுவதா என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்வோம்.