நோய் நாடும் கணினி



நம் திருச்சி மாவட்டத்தின் வடபகுதியில், துறையூருக்கு அப்பால் எழுந்து நிற்பது பச்சைமலை. அங்குள்ள மூன்று ஊர்களுக்கு, மலைப்பாதையை ஒட்டிய ஒரே கண்ணாடி இழை வழியாகக் கணினித் தொடர்பு செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு மழை இரவில் தொடர்பு அறுந்துவிடுகிறது. மரம் விழுந்ததா? மண் சரிந்ததா? மின்சாரம் நின்றதா? இருட்டில் வளைவு வளைவாக ஏறித் தேட இயலுமா? இங்கேதான் கணினி மருத்துவராகிறது.

மருத்துவர் முதலில் நாடி பார்ப்பார் அல்லவா? அதுபோல, அடிவாரத்திலுள்ள நிலையக் கணினி ஒவ்வோர் ஊர்க் கருவியையும் அடிக்கடி, "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. விடை வராவிட்டால் பழுது உண்டென்று அறிகிறது. இவ்வாறு கேட்கும் 'பிங்' என்ற நிரலை அமெரிக்கரான மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். நீருக்கடியில் ஒலி அனுப்பித் தேடும் சோனார் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று.

அடுத்தது காரணம் அறிதல். முதல் ஊர் விடை தருகிறது. மற்ற இரண்டும் தரவில்லை. உடனே இரு கருவிகள் கெட்டன என்று முடிவு கட்டலாகாது. முதல் ஊருக்கு அப்பாலுள்ள இழையிலோ, இரண்டாம் ஊர்க் கருவியிலோ ஒரே பழுது இருக்கலாம் என்று, வலையின் வரைபடத்தைக் கொண்டு கணினி ஊகிக்கிறது.

பிறகு இழைக்குள் ஓர் ஒளித் துடிப்பு அனுப்பப்படுகிறது. அறுந்த இடத்தில் அதன் ஒரு பகுதி எதிரொலி போலத் திரும்பும். இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நொடியின் 10,000-ல் ஒரு பங்கில் அது திரும்பினால், போய்வந்த தூரம் 20 கிலோமீட்டர்; ஆகவே பழுது 10 கிலோமீட்டரில்!

ஆனால், நாடி பார்க்கும் முறையே நோயுற்றால்? 1980 அக்டோபர் 27 அன்று, இணையத்தின் முன்னோடியான அமெரிக்க 'ஆர்ப்பாநெட்' சில மணி நேரம் முடங்கியது. இணைப்புகளின் நலத்தை அறிவிக்க வேண்டிய செய்திகளே ஒரு கருவிப் பழுதால் சிதைந்து, ஓயாமல் சுற்றி வந்து வலை முழுவதையும் திணறடித்தன. மனிதர்களே ஆராய்ந்து காரணத்தைக் கண்டனர்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்பே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய வழி. கணினி இடத்தைச் சொல்லும். நனைந்த மலையேறி, இழையை உருக்கி இணைப்பவை மனிதக் கைகளே. மலையூர்ப் பள்ளியில் ஒரு சிறுமியின் பாடம் அந்தக் கைகளுக்காகக் காத்திருக்கும். தோழியரே, அக்கைகள் நம்முடையவையாகவும் இருக்கலாம் அன்றோ!