யாரும் தொடாத பட்டனும் பதில் சொல்லும்

நம்பிக்கை: ரேடியோ பட்டன் வைத்த கேள்விக்குச் சரிபார்ப்பு தேவையில்லை.

பைத்தானில் டிகின்டர் நூலகம் கொண்டு திரைப் படிவம் செய்பவர்கள் பெயர், வயது, தொலைபேசி எண் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் கவனமாகச் சோதனை எழுதுகிறார்கள். ரேடியோ பட்டன் வந்ததும் விட்டுவிடுகிறார்கள். தட்டச்சு செய்யவே இடமில்லாத இடத்தில் பிழை எப்படி நுழையும் என்பது அவர்கள் கேள்வி. ஆனால் ஒரு குழுவில் ஒன்றுக்கு மேல் தேர்வாகாது என்பது மட்டுமே ரேடியோ பட்டன் தரும் உறுதி. ஒன்றாவது தேர்வாகும் என்றோ, தேர்வாகியிருப்பது ஒருவர் யோசித்து அழுத்தியது என்றோ அது சொல்வதில்லை. மருத்துவமனைப் பதிவுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘மருந்து ஒவ்வாமை உண்டா?’ என்பது கேள்வி. ‘ஆம்’ என்றால் 1, ‘இல்லை’ என்றால் 0. இரண்டு பட்டன்களும் ஓர் இன்ட்வார் மாறியோடு கட்டப்பட்டிருக்கின்றன. புதிதாகப் பிறக்கும் இன்ட்வாரின் மதிப்பு 0. ஆகவே படிவம் திறக்கும்போதே ‘இல்லை’ மீது புள்ளி விழுந்திருக்கும். அவசரத்தில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாலும் ‘இல்லை’ என்றே பதிவாகும். அந்தப் புலம் காலியாக இருக்கக்கூடாது என்று தரவுத்தளத்தில் கட்டுப்பாடு வைத்தாலும் பயனில்லை. 0 காலி அல்லவே. நோயாளியிடம் கேட்டு எழுதிய ‘இல்லை’ எது, கேட்காமலே விழுந்த ‘இல்லை’ எது என்று பிற்பாடு அந்தப் பதிவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: மதிப்பு இருக்கிறதா என்று ‘இஃப் நாட்’ போட்டு ஒரு வரியில் பார்த்தால் போதும்.

பைத்தானில் 0, வெற்றுச் சரம் இரண்டுமே பொய்யாகக் கொள்ளப்படுபவை. எனவே அந்த ஒரு வரி, நோயாளியைக் கேட்டு, பொறுப்பாக ‘இல்லை’யை அழுத்தியவரையும் ‘தேர்வு செய்யவும்’ என்று தடுத்து நிறுத்தும். சிலர் மதிப்பை எடுக்க மறந்து மாறியையே சோதிக்கிறார்கள். மாறி என்ற பொருள் எப்போதும் மெய்யாகவே கொள்ளப்படுவதால் அந்தச் சோதனை ஒருநாளும் வேலை செய்யாது. ‘விடை வரவில்லை’ என்பதும் ஒரு நிலை. அதற்கென்று தனி மதிப்பு வேண்டும். எந்தப் பட்டனுக்கும் சொந்தமில்லாத -1ஐத் தொடக்க மதிப்பாக வைத்துவிட்டு, சேமிக்கும் முன் ‘மதிப்பு 0, 1 ஆகியவற்றில் ஒன்றா?’ என்று கேட்பதே சரியான சோதனை. படிவம் செய்ய உதவும் இன்னொரு நூலகமான கியூட்டிலும், எதுவும் தேர்வாகாதபோது பட்டன் குழு -1ஐத்தான் தருகிறது. இன்ட்வாருக்குப் பதில், சரத்தை வைத்துக்கொள்ளும் ஸ்ட்ரிங்வார் மாறியை வைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அதன் தொடக்க மதிப்பு வெற்றுச் சரம். டிகின்டரின் பழைய வகை ரேடியோ பட்டன் வெற்றுச் சரத்தை ‘இரண்டுங்கெட்டான் நிலை’யின் அடையாளமாகக் கொள்வதால், எல்லாப் பட்டன்களும் தேர்வானதுபோலத் திரையில் தெரியும். ‘தேர்வில்லை’ போன்ற ஒரு சொல்லைத் தொடக்கத்தில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

நம்பிக்கை: முதல் விடையை நாமே தேர்ந்து வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. முன்தேர்வு வைத்தால் பயனருக்கு வேலை குறையும் என்று வடிவமைப்பு வழிகாட்டிகள் பல சொல்கின்றன. அச்சிடும் தாளின் அளவு போன்ற அமைப்புகளுக்கு அது பொருந்தும். ஏ4 என்று இருந்துவிட்டால் யாருக்கும் கேடில்லை. ஒரு மனிதரின் உடல்நிலையையோ சம்மதத்தையோ கேட்கும் இடத்தில் முன்தேர்வு, அவர் வாயைத் திறக்கும் முன்பே விடையை எழுதிவிடுகிறது. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் உறுப்புதானச் சம்மத விகிதங்களை ஒப்பிட்டார்கள். தானாக முன்வந்து பதிய வேண்டிய ஜெர்மனியில் 12 சதவீதம். மறுக்காதவரை சம்மதம் என்று கொள்ளும் பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். முன்கூட்டி வைத்த விடைக்கு எவ்வளவு இழுப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். முன்பே டிக் செய்து வைத்த பெட்டி செல்லுபடியாகும் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் இருந்தது செக்பாக்ஸ்தான். ஆனால் அந்த நியாயம் ரேடியோ பட்டனுக்கும் பொருந்தும்.

முன்தேர்வு வைக்காமல், விடை தேர்ந்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போய்விடுவார்களே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மருந்து ‘தெரியாது’ என்ற மூன்றாவது பட்டன். ரேடியோ பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டால் மறுபடி அழுத்தித் தேர்வை நீக்க முடியாது என்பதால், அந்த வழி படிவத்திலேயே இருப்பது இன்னும் அவசியம். அதற்கும் ஒரு தனி மதிப்பு கொடுத்து, அனுமதித்த விடைகளில் சேர்த்துவிடலாம். விடை விடுபட்டால் வரும் செய்தியும் ‘பிழை’ என்று மொட்டையாக நிற்காமல், எந்தக் கேள்வி விடுபட்டது என்று சொல்லட்டும்.

படிவத்தைப் பிறர் கையில் கொடுக்கும் முன் இரண்டே சோதனை செய்யுங்கள். மற்ற பெட்டிகளை நிரப்பி, ரேடியோ பட்டனை மட்டும் தொடாமல் ‘சேமி’யை அழுத்துங்கள், படிவம் தடுக்க வேண்டும். பிறகு ‘இல்லை’யைத் தேர்ந்து மறுபடி அழுத்துங்கள், சேமிக்க வேண்டும். இரண்டிலும் தேறினால்தான், அந்தப் பதிவில் உள்ள ‘இல்லை’யை ஒரு மருத்துவர் நம்பி மருந்து எழுதலாம்.